அம்பாசடர் பெட்ரோல் டேங்க்கில் துரு: கழற்றிக் கழுவுவது எப்படி?

கோவை அம்பி:
அப்பாவின் 1984 மார்க் 4, பெட்ரோல் வண்டி. பல வருடம் ஷெட்டில் கிடந்ததை இப்போதுதான் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். நன்றாகக் கிளம்புகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரைத் திறந்தால் அடியில் செங்கல் பொடி போலத் துரு. பக்கத்துப் பட்டறையில் ஆசிட் ஊற்றிக் கழுவி, ஓட்டை இருந்தால் வெல்டிங் வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பழைய இரும்பு:
வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது.

கோவை அம்பி:
பார்த்தேன் அண்ணா. சத்தமே இல்லை.

பழைய இரும்பு:
அப்போ துருதான். ஓடும்போது உறிஞ்சு குழாய் வாயை அடைக்கிறது, நின்றதும் கீழே படிந்துவிடுகிறது. கழற்றத்தான் வேண்டும்.

வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம். கழுவிய பிறகும் மடிப்புகளில் பெட்ரோல் ஆவி நிற்கும், ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதனால் பட்டறைக் குழிக்குள் இந்த வேலை ஆகாது, வெட்டவெளியில் செய்யுங்கள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை வடியுங்கள். பெட்ரோல் அளவு காட்டும் மீட்டரின் வயர், பெட்ரோல் பைப், பெட்ரோல் ஊற்றும் வாயின் ஹோஸ் மூன்றையும் எடுத்துவிட்டு, டேங்க் அடியில் ஜாக்கி மேல் பலகை வைத்துத் தாங்கியபடி போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வைத்தால் உடையாது.

மேட்டுப்பாளையம் ரோடு:
கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம், தகட்டையே தின்றுவிடும். முதலில் வெந்நீரில் சலவை சோடா கலந்து ஊற்றி, சின்னச் சங்கிலி ஒன்றைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பழைய பெட்ரோல் பிசின் போகாமல் எந்த அமிலமும் துருவைத் தொடாது. அப்புறம் மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், ஒரு நாள் ஊறட்டும். கொட்டிவிட்டுச் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி உடனே காய வையுங்கள். காய்ந்த கையோடு பெட்ரோலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து உள்ளே சுழற்றி எடுக்க வேண்டும். இதை நாளைக்குத் தள்ளினால் அதற்குள் மறுபடி செம்மை பூத்துவிடும்.

கோவை அம்பி:
மீட்டர் ஃப்ளோட் உள்ளேயே இருக்கலாமா?

மேட்டுப்பாளையம் ரோடு:
கூடாது. எடுத்துவிட்டு, மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். பம்புக்கு முன்னால் ஒரு பில்டரும் போட்டுவிடுங்கள்.