இரண்டு மணி நேரத்துக்குள் முகாம் இடம்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

சனிக்கிழமைக்காரன்:

வணக்கம். பெருநகரத்தின் நடுவில் வசிக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு முன்னால் அலுவலகத்தை விட்டுக் கிளம்ப முடியாது. ஞாயிறு இரவு மகள் தூங்கும் நேரத்துக்குள் வீடு திரும்பியாக வேண்டும். அவளுக்கு ஏழு வயது. ஆக, எனக்கு இருப்பவை இரண்டே இரவுகள். அதிகம் போனால் இரண்டு மணி நேரப் பயணம்.

போன மாதம் முதன்முறையாகப் போனோம். இணையத்தில் பார்த்த ஆற்றங்கரைப் படம் அவ்வளவு அழகு. வந்து தங்கியவர்கள் நட்சத்திரங்களை வாரி வழங்கியிருந்தார்கள். வரைபடம் ஒன்றே முக்கால் மணி நேரம் என்றது. போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. கார் விளக்கைப் போட்டுக்கொண்டு கூடாரம் அடித்தோம். படுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: அக்கரை மரங்களுக்குப் பின்னால் நெடுஞ்சாலை. விடியும்வரை லாரிகள். இந்தப் பக்கம் பக்கத்து வண்டிக்காரரின் ஜெனரேட்டர் பதினொன்றரை வரை ஓடியது. நள்ளிரவில் மகள் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, நம் வீட்டில் இதைவிட அமைதியாக இருக்குமே" என்றாள். விடியற்காலையில் குளிர் வேறு. கூடாரத்தின் உட்புறம் முழுக்க ஈரம்.

மறுபடியும் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மனைவிக்கு நிறைய இருக்கிறது. அடுத்த முறை எதைப் பார்த்து இடம் பிடிப்பது? "நகரத்துக்குப் பக்கத்தில் என்றால் அப்படித்தான்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

செவ்வாய்ப் பயணி:

செவ்வாய்க்கிழமை போங்கள். அதே இடம் வேறு இடமாகிவிடும். உங்கள் கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் விடுப்பை இதற்கென்று ஒதுக்க முடியாதா?

பழைய கூடாரம்:

தம்பி, இதுவரை வந்த மதிப்புரைகளிலேயே உங்கள் மகள் சொன்னதுதான் உருப்படியானது. நட்சத்திரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பகல் காட்சிக்குப் போடுகிறார்கள். நீங்கள் போனது இரவைக் கழிக்க. இருபது ஆண்டுகளாகக் கூடாரத்தில் படுத்து எழுகிற எனக்குப் படங்கள் மீது நம்பிக்கை போய் வெகுகாலம் ஆயிற்று. இடத்தைக் காதால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, முகாம் இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலை, ரயில் பாதை, கல் குவாரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். "ஒரு கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது" என்று ஏமாந்துவிடாதீர்கள். தனியாக ஓடும் ஜெனரேட்டரின் சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். இடைவெளியின்றி வண்டிகள் ஓடும் சாலையின் சத்தமோ சுமார் 3 டெசிபல்தான் குறையும். அது நீண்ட கோடு அல்லவா, எவ்வளவு விலகினாலும் விடாமல் கூடவே வரும். தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் இன்னும் மோசம். தரை குளிர்ந்து அதையொட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கிவிடும். பகலில் கேட்காத சாலை இரவில் தலையணைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

உங்கள் ஆறு அகலமாக, மெதுவாகப் போகிற ஆறு என்று நினைக்கிறேன். படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் அமைதியான நீர்ப்பரப்பு சத்தத்தை உறிஞ்சாது, அக்கரையில் பேசுவதைக்கூட இக்கரையில் கொண்டுவந்து கொடுக்கும். கற்களில் மோதிச் சலசலக்கும் சின்ன ஓடை என்றால் கதை வேறு. அந்தச் சலசலப்பே தூரத்து லாரியை மூடிவிடும். எல்லாவற்றையும்விட நல்லது இடையில் ஒரு குன்று. மரங்களை நம்பாதீர்கள். அவை சாலையைக் கண்ணிலிருந்து மறைக்கும், காதிலிருந்து மறைக்காது. நகரம் இருக்கும் திசையில் குன்று அமைந்தால் வான வெளிச்சமும் கொஞ்சம் மறையும், நாலு நட்சத்திரம் கூடுதலாகத் தெரியும்.

குளிரும் ஈரமும் பள்ளத்தின் வேலை. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிந்து வந்து தாழ்வான இடத்தில் தேங்கும். கரையை விட்டுச் சற்று மேடேறினாலே வித்தியாசம் தெரியும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. வரைபடச் செயலியில் புறப்படும் நேரத்தை வெள்ளி மாலை 5.30 என்று வைத்துப் பாருங்கள். ஊரே ஒரு திசையில் கிளம்பினால் நீங்கள் இன்னொரு திசையைப் பாருங்கள். அந்தப் பக்கம் காட்சி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்து வெளிச்சத்தில் கூடாரம் அடிப்பதற்கு ஈடாக எந்தக் காட்சியும் கிடையாது.

சனிக்கிழமைக்காரன்:

அக்கா, நீங்கள் அங்கே வந்து பார்த்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அகலமான ஆறுதான். ஜெனரேட்டருக்கு என்ன செய்வது? இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. போய்ச் சொல்லவும் தயக்கமாக இருந்தது.

பழைய கூடாரம்:

பலகை தூங்கிவிட்டது போலிருக்கிறது. வண்டி போகாத இடமாகப் பிடியுங்கள். சில முகாம்களில் காரை நிறுத்திவிட்டு இருநூறு முந்நூறு மீட்டர் நடந்து போய்த் தங்கும் இடங்கள் தனியாக இருக்கும். ஜெனரேட்டரை முந்நூறு மீட்டர் தூக்கிக்கொண்டு வருகிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பெரிய ஒலிபெருக்கியும் அப்படியே காரில் தங்கிவிடும். சாமான்களோடு மூன்று நடை நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் எது என்று முன்பதிவு விதிகளில் பாருங்கள். மனம் மாறியவர்கள் ரத்து செய்வது பெரும்பாலும் அதற்கு முந்தைய இரவில்தான். அன்று உட்கார்ந்து தேடினால் ஒன்றாவது அகப்படும்.

இரட்டையரின் அம்மா:

அக்கா சொல்வது அத்தனையும் சரி, ஒன்றைத் தவிர. சின்னப் பிள்ளையோடு போகிறவருக்குக் கழிப்பறை எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நாங்களும் அமைதி வேண்டும் என்று கடைக்கோடியில் ஓர் இடம் பிடித்தோம். இரவு இரண்டு மணிக்கு, ஒருவன் எழுந்தால் இன்னொருவனும் எழுவான் என்ற விதிப்படி, இருவரையும் இரு கையில் பிடித்துக்கொண்டு டார்ச்சை வாயில் கவ்வியபடி இருட்டில் நடந்தேன். காலணி மாற்றி மாட்டியிருந்தது ஒருவனுக்கு. பாதி வழியில் தேவை தீர்ந்துவிட்டது இன்னொருவனுக்கு. அன்றிரவு எனக்கு அமைதியும் இல்லை, தூக்கமும் இல்லை.

பழைய கூடாரம்:

ஒப்புக்கொள்கிறேன். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மறந்துபோனது. ஆனால் கழிப்பறைக்கு ஒட்டிய இடமும் வேண்டாம் தம்பி. கதவு அறையும் சத்தம், இரவெல்லாம் எரியும் விளக்கு, உங்கள் கூடாரக் கயிற்றில் தடுக்கி விழும் அயலார். நூறு மீட்டருக்குள், ஆனால் யாருடைய வழியிலும் இல்லாமல்: அதுதான் கணக்கு.

சனிக்கிழமைக்காரன்:

நேற்றிரவு ரத்தான இடங்களில் இரண்டு கண்ணில் பட்டன. இரண்டுமே நடந்து போகும் இடங்கள். காரிலிருந்து 250 மீட்டர். சாலை குன்றுக்கு அந்தப் பக்கம்.

14ஆம் எண்: மேட்டில் இருக்கிறது, கழிப்பறை 35 மீட்டர்.
17ஆம் எண்: கழிப்பறை 90 மீட்டர். கீழே ஓடை தெரிகிறது. வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை எண்ணிப் பார்த்தேன். ஓடைக்கும் இதற்கும் நடுவில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 5 மீட்டர் உயர வித்தியாசம்.

மனைவி 14 என்கிறார். இன்று மாலைக்குள் பணம் கட்ட வேண்டும்.

இரட்டையரின் அம்மா:

14. யோசிக்கவே வேண்டாம்.

பழைய கூடாரம்:

வரைபடத்தில் 14ஐ இன்னொரு முறை பாருங்கள். மற்ற இடங்களிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பாதை அதை உரசிக்கொண்டு போகிறதா? போகிறது என்றால் ஒவ்வொரு டார்ச்சும் உங்கள் கூடாரத்தின் மேல் விழும்.

17 ஓடைக்குச் சுமார் பத்து மீட்டர் மேலே இருக்கிறது. பள்ளக் குளிருக்கும் தப்பும், மேலே எங்கோ மழை பெய்து ஓடை பெருகினாலும் தப்பும். சலசலப்பு இலவசம். நான் 17 எடுப்பேன். போனதும் முதலில் தலைக்கு மேல் பாருங்கள், பட்டுப்போன கிளை ஏதாவது தொங்கினால் கூடாரத்தைத் தள்ளிப் போடுங்கள். அடுத்து, வெறும் தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். தலைப் பக்கம் தாழ்ந்திருந்தால் உடம்பே சொல்லிவிடும். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் விரிப்பு ஓரங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்தி அடியில் ஊற்றும். நான்கு பக்கமும் நாலு விரற்கடை உள்ளே மடித்துவிடுங்கள்.

சனிக்கிழமைக்காரன்:

பார்த்தேன் அக்கா. பாதை 14ஐ உரசிக்கொண்டுதான் போகிறது. மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துவிட்டு, "17க்குப் போகலாம், ஆனால் இரவில் மகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது நீங்கள்தான்" என்றார். பணம் கட்டியாயிற்று.

இரட்டையரின் அம்மா:

காலணியைக் கூடார வாசலில் இடம் வலம் பார்த்து வைத்துவிட்டுப் படுங்கள்.