'வெப்பத்தால் பாதிக்கப்பட்ட மண்டலம்' வேண்டாம், 'சூட்டுப்பட்டை' போதும்

அனைவருக்கும் வணக்கம்.

அழுத்தக்கலன் (பிரஷர் வெசல்) வேலைக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் 'ஹீட் அஃபெக்டெட் ஸோன்' என்பதற்கு 'வெப்பத்தால் பாதிக்கப்பட்ட மண்டலம்' என்று வந்திருக்கிறது. பொருள் விளங்குகிறது, ஆனால் 'பாதிக்கப்பட்ட' இடிக்கிறது. 'சூட்டுப்பட்டை' என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

வெல்டை ஒட்டி, உருகாமல், ஆனால் உள்ளமைப்பு மாறும் அளவுக்குச் சூடேறிய சில மில்லிமீட்டர் உலோகம்தான் இது. மாறியதெல்லாம் கெட்டது என்றில்லை. எந்த எஃகு, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதைப் பொறுத்தது. கார்பன் கூடிய எஃகு சட்டென்று ஆறினால் அங்கே மார்ட்டன்சைட் என்ற கடினமான, எளிதில் நொறுங்கும் உள்ளமைப்பு உண்டாகி இறுகிவிடும். ஈரம் ஏறிய வெல்டிங் ராடிலிருந்து ஹைட்ரஜனும் சேர்ந்தால், வேலை முடிந்து ஓரிரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். சில எஃகுகளுக்கு 48 மணி நேரம் காத்திருந்து சோதிப்பது இதனால்தான்.

304 என்ற வகைத் துருப்பிடிக்கா எஃகில் கதை வேறு. ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடான இடத்தில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து படிகமணிகளின் (உலோகம் ஆன நுண்ணிய மணிகளின்) எல்லையில் படியும். எல்லையோரம் குரோமியம் குறைந்து, அரிப்பு அந்த வழியாக நுழையும். கார்பன் 0.03 விழுக்காட்டைத் தாண்டாத 304எல் தகட்டை எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதாவது பட்டை இருக்கிறது, பாதிப்பு இல்லை. கெடுதலைப் பெயரிலேயே ஏற்றிவிட்டால் இதை எப்படி எழுதுவது?

'மண்டலம்' சில மில்லிமீட்டருக்குப் பெரிய சொல். தவிர, கூட்டுச்சொல் ஆக்கிப் பாருங்கள்: 'வெப்பத்தால் பாதிக்கப்பட்ட மண்டல விரிசல்'. மூச்சு வாங்குகிறது. 'சூட்டுப்பட்டை விரிசல்' என்றால் வெல்டரிடமும் சொல்லலாம், வரைபடத்திலும் எழுதலாம். முன்சூடு (வெல்டிங்குக்கு முன் ஏற்றும் சூடு), இடைச்சூடு (ஒரு வெல்ட் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் இருக்கும் சூடு) என்ற சொற்களோடும் ஒரே குடும்பமாக நிற்கும்.

'வெல்டிங்குக்குப் பிறகு கலன் முழுவதையும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறார்களே, அப்போது எல்லாமே சூட்டுப்பட்டையா?' என்ற கேள்வி நியாயமானது. அது உலோகத்துக்குள் தங்கிய தகைவை (உள் இறுக்கத்தை) தளர்த்துவதற்கு; அதைத் 'தகைவுநீக்கச் சூடு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். வெல்டிங் ஆர்க் (மின்வில்) போன தடத்தின் ஓரம் மட்டுமே பட்டை. பார்வைச் சோதனையில் கண் வெல்டின் மேலேயே நிற்கும். விரிசலோ பல நேரம் அதன் ஓரத்தில் கிளம்பும். அந்த ஓரத்துக்கு ஒரு குட்டிப் பெயர் இருந்தால் அறிக்கையில் தவறாமல் இடம்பெறும்.

அப்புறம், 'பர்ஜிங்' என்பதற்குத் 'தூய்மையாக்கல்' என்று போட்டிருப்பதை உடனே எடுத்துவிட வேண்டும். அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வெல்டின் வேர்ப்பக்கம் (அடிப்பக்கம்) ஆக்சிஜன் படாமல் இருக்கத்தான் கலனுக்குள் ஆர்கான் வாயுவை நிரப்புகிறோம். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனமானது; அடியில் தங்கி நிற்கும். 'தூய்மையாக்கிய கலன்' என்று பலகையில் படிப்பவர் உள்ளே இறங்கலாம் என்றுதான் நினைப்பார். உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் இரண்டொரு மூச்சில் நினைவு தப்பிவிடும். 'ஆர்கான் நிரப்பல்' என்று வெளிப்படையாகவே எழுதுவோம்.