அகழாய்வு முகாம், மே மாதம், 22 பேர்: சமையல் பொறுப்பு என் தலையில்

குழிமேட்டுக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தொல்லியல் எம்.ஏ. முதலாமாண்டு படிக்கிறேன். ஏப்ரல் கடைசியில் 35 நாள் களப்பயிற்சி ஆரம்பம். கொங்குப் பக்கம் ஒரு கிராமம். ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்காட்டில் குழி போடுகிறோம். மாணவர்கள் 18 பேர், ஆசிரியரும் மேற்பார்வைக்கு வருகிறவர்களும் சேர்த்து 4 பேர். கோடை விடுமுறை என்பதால் ஊர்ப் பள்ளியில் மூன்று வகுப்பறைகளைத் தங்கக் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பில் "யாருக்குச் சமைக்கத் தெரியும்?" என்று கேட்டபோது கையைத் தூக்கித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான்தான் மெஸ் செக்ரட்டரி. வீட்டில் நாலு பேருக்குச் சாம்பார் வைத்ததுதான் என் மொத்த அனுபவம்.

ஆள் வைத்துச் சமைப்பதா, முறை போட்டு நாங்களே சமைப்பதா? ஃபிரிட்ஜ் கிடையாது. குடிக்கக் கேன் தண்ணீர்தான் என்கிறார்கள். அந்த வெயிலில் என்ன சாப்பாடு தாங்கும்? இரண்டு பேர் சைவம். ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது, தொண்டை வீங்கிவிடும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்திக்கட்டு:

கல்யாணச் சமையல் செய்கிறவன் நான். தொல்லியல் தெரியாது, அளவு தெரியும். விசேஷத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் கணக்கு. மண்வெட்டி பிடிக்கிற பிள்ளைகள் என்றால் ஆறு பேர். மதியத்துக்கு நாலு கிலோ போடுங்கம்மா. மீந்ததில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. சாம்பாருக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு போதும்.

19 கிலோ கடை சிலிண்டர் எடுங்கள். வீட்டு சிலிண்டரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் தங்குகிறீர்கள், வம்பு. தக்காளி இரண்டு நாளைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். பூசணி, சேனை, வாழைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் கோடையைத் தாங்கும். தேங்காயை உடைத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அந்தப் பையன் விஷயம்: முகாமுக்குள் கடலையும் வேண்டாம், கடலை எண்ணெயும் வேண்டாம். அவனுக்கு மட்டும் தனியாகச் சமைக்கிறேன் என்பது இரண்டு நாள் நடக்கும். மூன்றாம் நாள் ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் போய் வரும்.

நொய்யல்காத்து:

2013இல் நானும் இதே மாதிரி ஒரு முகாமில் 40 நாள் இருந்தேன். நொய்யலுக்குக் கொஞ்சம் தள்ளி. ஊர்ப் பேர் வேண்டாம். சொல்லப்போவதில் பாதி எங்கள் மானம் போன கதை.

முதலில் உங்கள் கேள்வி. முறை போட்டுச் சமைக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஏழாம் நாள், இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழி ஒன்றின் விளிம்பு முதன்முதலாகத் தெரிந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். படிக்க வந்தது பீன்ஸ் நறுக்கவா என்று அன்றைக்குச் சண்டை. ஆசிரியர் மறுநாளே ஊரில் ஒரு ஆளைப் பிடித்தார். அறுபதைத் தாண்டியவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அம்மிச்சி என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய மருமகள் எங்கள் குழியில் மண் சுமந்தார்.

அம்மிச்சி வந்த பிறகு நேரம் ஒழுங்கானது. ஐந்தரைக்கு வரக்காப்பி. ஆறு மணிக்குக் குழியில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வேப்பமரத்தடியில் காலைச் சாப்பாடு, பெரும்பாலும் பழையதும் சின்ன வெங்காயமும். பதினொன்றுக்குக் கம்பங்கூழில் மோர் விட்டுக் கரைத்து ஆளுக்கு ஒரு சொம்பு, கடித்துக்கொள்ள மோர் மிளகாய். ஒரு மணிக்குத் திரும்பிவிடுவோம், அதற்கு மேல் அந்தக் காட்டில் ஆடுகூட நிற்காது. சாயங்காலம் பானை ஓடு கழுவுவது, எண் எழுதுவது, குறிப்பேடு. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு, ஒன்பதுக்கெல்லாம் குறட்டை.

மதியம் பொரியல், கூட்டு என்று இழுக்காதீர்கள். அரிசிம்பருப்பு சாதம் போதும், ஒரே அண்டா. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், மஞ்சள், தக்காளி இருந்தால் இரண்டு. மேலே நெய். கூடவே பச்சைப்புளி ரசம். அதற்கு அடுப்பே வேண்டாம். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லித்தழையைக் கையாலேயே நசுக்கிப் போட்டால் தீர்ந்தது. வாரத்தில் நாலு நாள் இதுதான். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் நாலு மணி வெயிலில் தொட்டி முன்னால் குந்தி ஓடு கழுவிப் பாருங்கள், எதுவும் ருசிக்கும்.

இனி யாரும் உங்களுக்குச் சொல்லாத விஷயம். நீங்கள் தோண்டப்போவதில் பாதி யாரோ ஒருவருடைய அடுப்படிக் குப்பை: சாம்பல், எலும்பு, உடைந்த சட்டி, கருகிய விதை. உங்கள் அடுப்படியும் தினமும் அதே சாமான்களைத்தான் வெளியே தள்ளும். இரண்டும் கலந்தால் தீர்ந்தது கதை.

எங்களுக்குக் கலந்தது. ஞாயிற்றுக்கிழமை கோழி. திங்கட்கிழமை காலை, குழியின் வடமேற்கு மூலையில் மெல்லிய புழுதிக்கு அடியில் ஒரு எலும்பு. என் நண்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பிரஷ் போட்டான். அளவுகோல் வைத்துப் படம் எடுத்தான், ஆழம் அளந்தான், பையில் போட்டுச் சீட்டு எழுதினான். ஆசிரியர் வந்தார், கையில் வாங்கினார், மூக்கருகே கொண்டு போனார். "மிளகு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி ஊர் நாய் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது. அன்றிலிருந்து எலும்புக்கு மூடி போட்ட வாளி.

அதைவிட மோசம் கடுகு. ஒரு பழைய அடுப்புக் குழியின் சாம்பல் மண்ணைத் தண்ணீர் டிரம்மில் கரைத்து, மேலே மிதக்கிற கரியையும் விதையையும் வடித்து எடுக்க வேண்டும். மெல்லிய சல்லடை கிழிந்துவிட்டது. அடுப்படியில் இருந்த டீ வடிகட்டியை எடுத்து வந்தோம். காய வைத்து லென்ஸில் பார்த்தால் உருண்டை உருண்டையாகக் கருகிய விதைகள்! சாதாரணமாக, கருகாத விதை கிடைத்தால் அது பிற்காலத்தில் எறும்போ வேரோ கொண்டு வந்தது என்று ஒதுக்கிவிடலாம். எங்கள் ஊர் மண்ணில் கரியான விதைதான் இத்தனை காலம் மட்காமல் கிடக்கும். இதுவோ நன்றாகக் கருகியிருக்கிறது. அரை நாள் எல்லோரும் மிதந்தோம். அப்புறம் ஒரு சீனியர் அக்கா கேட்டார், "வடிகட்டி எங்கே இருந்து வந்தது?" அதே வடிகட்டியில்தான் அம்மிச்சி முதல் நாள் தாளித்த எண்ணெயை வடித்திருந்தார். அத்தனையும் தாளிப்பில் கருகிய கடுகு. அந்த மண் மாதிரி முழுக்க வீண், திரும்ப எடுக்க அந்த அடுப்பில் சாம்பல் மிச்சமில்லை.

அம்மிச்சிக்கு எங்கள்மேல் அதைவிடக் கோபம். "செத்தவங்க சாம்பலை வடிச்சதுல எனக்கு டீ வடிக்கச் சொல்றீங்களா?" அது தாழி இல்லை, வெறும் அடுப்பு என்று விளக்கினோம். எடுபடவில்லை. வடிகட்டி வேலியைத் தாண்டிப் பறந்தது.

இன்னும் சில. குப்பைக்குழி எங்கே வெட்டுவது என்று ஆசிரியரைக் கேட்காமல் மண்வெட்டியை வைக்காதீர்கள், பழைய மேடு உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடியிலும் இருக்கலாம். காலக்கணிப்புக்குக் கரி எடுக்கிற நாளில் அடுப்புப் புகையும் சாம்பலும் குழிப் பக்கம் அடிக்கக் கூடாது. அந்தக் கரியைச் சுற்றப் போவது சமையல் அலுமினியத் தாளில்தான், அதனால் இரண்டு சுருள் வாங்கி ஒன்றை ஒளித்து வையுங்கள். பானைக்குள் என்ன சமைத்தார்கள் என்று கொழுப்புச் சோதனைக்கு அனுப்பப்போகும் ஓடு என்றால், சாப்பிட்ட கையால் தொடவே கூடாது. கழுவவும் கூடாது.

அம்மிச்சி பற்றி ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஓடு காய வைக்கிற முற்றத்துக்கு ஒருநாள் வந்தார். கனமான மண் வளையம் ஒன்றைப் பார்த்து நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தோம். சீட்டில் "வளைய வடிவப் பொருள்" என்று எழுதியிருந்தது. எடுத்து இரண்டு பக்கமும் திருப்பினார், தரையில் வைத்தார், உள்ளங்கையால் ஒரு அழுத்து. "பிரிமணை, சாமி. அடி உருண்ட பானை இல்லாட்டி எங்க நிக்கும்?" அடுப்படியில் அவருடைய சோற்றுப் பானை வைக்கோல் பிரிமணைமேல்தான் உட்கார்ந்திருந்தது. அவர் வந்த நாளிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் தட்டு எடுக்கப் போய் வந்தோம்.

மண்ணாங்கட்டி:

நொய்யல்காத்து அண்ணன் சாப்பாட்டைப் பார்த்துவிட்டார், தண்ணீரை விட்டுவிட்டார். நான் இரண்டு முகாம் போனவள். பெண்பிள்ளைகள் குழியில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். காரணம் தாகம் இல்லை என்பதல்ல, ஒதுங்க இடம் இல்லை. எங்கள் முகாமில் ஒருத்தி பத்தாம் நாள் நீர்க்கடுப்பில் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போனாள். மெஸ் பட்ஜெட் போடுவதற்கு முன்னால், குழிக்குப் பக்கத்தில் நாலு தட்டி கட்டி மறைவு வேண்டும் என்று கேளுங்கள். ஆசிரியர் ஆணாக இருந்தால் அவருக்கு இது தோன்றியே இருக்காது, குற்றமாகச் சொல்லவில்லை.

குழிக்கு மண்பானை கொண்டு போங்கள். ஈர மணல்மேல் வைத்து, துணி சுற்றி நனைத்துக்கொண்டே இருந்தால் கேன் தண்ணீரைவிட நன்றாக இருக்கும். பானையைக் குழி விளிம்பில் வைக்காதீர்கள். நாலு பேர் சாய்ந்து குடித்தால் மண்ணடுக்கு தெரிகிற அந்தச் சுவர் சரியும், பிறகு நீங்கள் வரைய ஒன்றும் இருக்காது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒரு கட்டு சமையலறையில் இருக்கட்டும்.

அரிசி மூட்டையைத் தரையில் வைக்காமல் பெஞ்சுமேல் ஏற்றுங்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். எங்களுக்கு ஒரு தேள்தான் கிடைத்தது, அதுவும் ஆசிரியர் ஷூவில்.

குழிமேட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கடுகுக் கதையை வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டேன், ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் ஏதோ பழைய கதை இருக்கும்போல.

நேற்று ஊருக்குப் போய்ப் பார்த்து வந்தோம். அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்காவுக்கு இப்போது விடுமுறை, 35 நாளும் வருகிறேன் என்கிறார். பெரிய அண்டா, கரண்டி எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். தட்டி மறைவுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். கடலை எண்ணெய் வேண்டாம் என்றதும் அந்த அக்கா, "தேங்காய் எண்ணெய்ல தாளிச்சா உங்க மெட்ராஸ் பிள்ளைங்க திங்குமா?" என்று கேட்டார். தின்னும் என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: சம்பளத்தைக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாமா?

நொய்யல்காத்து:

வேண்டாம். வாரச்சந்தைக்கு முதல் நாள் சாயங்காலம் கொடுத்துவிடுங்கள். காய் வாங்கப் போகிறவரும் அவர்தானே, அவர் கையிலும் காசு இருக்க வேண்டும். குழியில் மண் சுமக்கிறவர்களுக்கு எந்த நாள் கூலியோ அதே நாள் அவருக்கும். இல்லாவிட்டால் பேச்சு வரும். ஒரு நாளாவது அவரைக் குழிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அன்றைக்கு நீங்கள் யாராவது அடுப்பைப் பாருங்கள்.

பொருந்தல் நெல் பற்றி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். பழனிப் பக்கம், 2009 அகழாய்வில், நாலு கால் ஜாடிக்குள் இரண்டு கிலோ அளவு நெல் இருந்தது. காலக்கணிப்பில் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 490 என்று வந்தது. எங்கள் ஆசிரியர் இதைச் சொன்ன ராத்திரி அம்மிச்சி பரிமாறிக்கொண்டிருந்தார். "ரெண்டு கிலோவா? பன்னெண்டு பேருக்கு ஆகும்" என்றார்.

டீ வடிகட்டி இரண்டு வாங்குங்கள். சல்லடைக்கு உதவும் என்று ஒன்று போய்விடும், எவ்வளவு சொன்னாலும் போகும். அடுப்படிக்கு உள்ளதில் சிவப்பு நூல் கட்டி விடுங்கள்.