ஆடம்ஸ்–டோரே 1920: ஆடிய ஆட்டமா, செய்த ஆட்டமா?

மாங்குளத்தான்:
கிளிநொச்சியில் தம்பி கனகராயன் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆடம்ஸ்–டோரே சதுரங்க ஆட்டத்தைப் போட்டுக் காட்டுகிறாராம். நியூ ஓர்லியன்ஸ், 1920. வெள்ளை ஆடம்ஸ், கறுப்பு டோரே. வெள்ளை 18ஆவது நகர்வில் ராணியை ஜி4 கட்டத்துக்குக் கொண்டுபோய் வெட்டக் கொடுக்கிறது. வெட்டினால் ஈ8இல் கோட்டை இறங்கி மேட், அரசன் தப்ப வழியின்றி ஆட்டம் முடிந்துவிடும். பிறகு சி4, சி7 என்று ராணி விடாமல் துரத்துகிறது. அழகுதான். ஆனால் இதை நடந்த ஆட்டம் என்று சொல்லிக்கொடுக்கலாமா? ஆடம்ஸ் டோரேயின் ஆசான். குருவுக்குக் காணிக்கையாக டோரேயே செய்துவைத்தது என்ற சந்தேகம் பழையது.

கனகராயன்:
சந்தேகம் இருந்தால் பொய்யா மாஸ்ரர்? 2009க்கு முந்திய எங்கள் ஆட்டத் தாள்கள் யாரிடம் இருக்கின்றன? கொப்பியெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. அதற்காக நாங்கள் ஆடவேயில்லையா?

மாங்குளத்தான்:
தாளை விடுங்கள் தம்பி, நகர்வைப் பாருங்கள். 14ஆவதில் கறுப்பு ஏ5 என்று சிப்பாயைத் தள்ளுகிறது. எதற்கு? எச்6 தள்ளியிருந்தால் அரசனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும், இந்தக் கூத்தே நடந்திராது. 21ஆவதில் வெள்ளை ராணி அவசரப்பட்டு பி7 சிப்பாயை வெட்டினால், கறுப்பு ராணி ஈ2 கோட்டையை வெட்டிவிடும். அப்புறம் கடைசி வரிசையில் மேட் ஆவது வெள்ளைதான். அதனால் முதலில் ஏ4, பிறகு கோட்டை ஈ4, அதன் பிறகே பி7. சும்மா ஆடிய ஆட்டத்தில் இவ்வளவு கச்சிதமா?

கனகராயன்:
டோரேக்கு அப்போது பதினைந்து வயதளவு. அந்த வயதுப் பெடியன் ஏ5 தள்ளாமல் என்ன செய்வான்? எங்கள் மாவட்டப் போட்டிக்கு வந்து பாருங்கள், எதற்கென்று தெரியாமல் சிப்பாய் தள்ளுவதுதான் பாதி ஆட்டம்.

நெடுங்கேணி அக்கா:
இரண்டு பேரும் நகர்வை வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். நகர்வு சாட்சி சொல்லாது. 1915 மாஸ்கோ ஆட்டம் ஒன்றில் பலகையில் ஐந்து ராணிகள், வெள்ளை பின்னாளில் உலகச் சாம்பியனான அலெக்கைன், கறுப்பு கிரிகோரியேவ் என்று பலரும் நம்பினார்கள். உண்மையான ஆட்டத்தில் அலெக்கைன் கறுப்பு. ஐந்து ராணி வந்தது அவர் ஆய்வுக் குறிப்பில் எழுதிய ஒரு கிளை. ஒவ்வொரு நகர்வும் விதிப்படி சரி, அப்படி ஒரு ஆட்டம்தான் நடக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. உண்மையாக நடந்த ஆட்டத்தின் பதிவும் பிழைக்கும். நகர்வைத் தானே பதியும் மின்பலகையில் முடிவைக் காட்ட இரண்டு அரசர்களையும் நடுவில் வைப்பார்கள். சிலவேளை அதுவே கடைசி நகர்வாகத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்து, நகர்வுக்கு 30 வினாடியும் கூடாவிட்டால், நகர்வை எழுதாமலே ஆட உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் விதி விடுகிறது. அந்த இடைவெளியைப் பிறகு நினைவில் இருந்து நிரப்பினால் எது சரி, எது பிழை?

கனகராயன்:
அலெக்கைன் விடயத்தில் மூல ஆட்டம் தனியாகக் கிடைத்தது, அதனால் பிடிபட்டது அக்கா. டோரேக்கு எதிராக அப்படி ஏதும் உண்டா?

மாங்குளத்தான்:
இல்லை. அதற்காக நற்சான்றும் கொடுக்க முடியாது. கடைசி வரிசை மேட்டுக்குப் பயிற்சி என்று போடுங்கள், ஒரு ஆட்சேபமும் இல்லை. பெயரும் ஆண்டும் எழுதி வரலாறு ஆக்காதீர்கள்.

கனகராயன்:
பெயரும் ஆண்டும் இல்லாமல் போட்டால் பிள்ளைகளுக்கு அது வெறும் கணக்கு மாஸ்ரர். ராணியை ஒருவர் உண்மையாகவே கொடுத்தார் என்றால்தான் அவர்களுக்கும் கை துணியும். நான் பெயரோடுதான் போடப்போகிறேன். யாராவது கேட்டால் உங்கள் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன், சரியா?