மூக்கு கோணல், ஒரு பக்கம் மூச்சும் வரவில்லை. ஒரே ஆபரேஷனில் இரண்டும் சரியாகுமா?

வியாசை_ஸ்டாப்பர்:

வணக்கம். வயது 24, வியாசர்பாடி. பத்தாவது படிக்கும்போது எங்கள் கிரவுண்டில் ஒரு ஃபுட்பால் மேட்ச். கார்னர் கிக் வந்தது. நான் ஸ்டாப்பர், பந்தைத் தலையால் வெளியே தள்ள எகிறினேன். எதிர் டீம் பெண்ணும் எகிறினாள். அவள் பின்மண்டை என் மூக்கில் வந்து இடித்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், மண்டைக்குள்ளேயே கேட்டது. ஜெர்ஸி முழுக்க ரத்தம். பக்கத்து கிளினிக்கில் வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பரீட்சை நேரம் என்பதால் வீட்டிலும் அதோடு விட்டுவிட்டார்கள். வீக்கம் வடிந்தது, மூக்கு இடது பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

இப்போது பாரிமுனையில் ஒரு ஆபீஸில் வேலை. ஜீவா ஸ்டேஷன் படி ஏறினாலே வாயைத் திறந்துதான் மூச்சு விடுகிறேன். காலையில் தொண்டை காய்ந்து கிடக்கிறது, குறட்டை வேறு. போகி அன்று புகையில் வெளியே தலை காட்டவே முடியாது. அம்மாவின் சின்னப் பவுடர் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் வட்டமாக ஆவி படிகிறது, வலது பக்கம் கண்ணாடி அப்படியே பளிச்சென்று இருக்கிறது.

ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். டி.என்.எஸ்., அதாவது மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, உள்ளே நேர் செய்யலாம், வெளித்தோற்றம் தனி விஷயம் என்றார். அப்புறம் அழகு சிகிச்சை கிளினிக் ஒன்றுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் படத்தை நேராக்கிக் காட்டினார்கள், ஆனால் மூக்குக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, மூக்கு கொஞ்சம் கோணல் என்று என் காதில் விழும்படியே சொன்னார். அவருக்காக நான் இதைச் செய்யவில்லை. 15 வயது வரை எனக்கு இருந்த முகம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆயா, “கடவுள் கொடுத்த மூக்கில் கத்தி வைப்பியா” என்கிறது. அடிபட்டு வளைந்தது எப்படிக் கடவுள் கொடுத்ததாகும்? மூச்சுக்காக என்று சொன்னால் எல்லோரும் சரி என்கிறார்கள், அழகும் வேண்டும் என்றால் முகம் சுளிக்கிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டோல்கேட்_அண்ணன்:

தங்கச்சி, நான் தண்டு ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவன். வெளியே ஒரு தழும்பு கிடையாது, மூக்கின் உருவமும் மாறவில்லை. இரண்டு நாள் மூக்கில் பஞ்சு அடைத்து வாயால் மூச்சு விட்டதுதான் பெரிய அவஸ்தை. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். பஞ்சை எடுத்து ஒரு வாரம் கழித்துக் காசிமேட்டுப் பக்கம் போனேன். கருவாட்டு வாசனை இரண்டு மூக்கிலும் ஒன்றாக ஏறியது. வருஷக் கணக்கில் அந்த வாசனையைப் பாதிதான் பிடித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடைப்புக்குச் சொட்டு மருந்து போடுகிறாய் என்றால் நாலைந்து நாளுக்கு மேல் போடாதே. நான் மாதக் கணக்கில் போட்டேன். மருந்தின் வேகம் தணிந்ததும் உள்சதை முன்னைவிட வீங்கும், மறுபடி மருந்தைத் தேடும். அதிலிருந்து வெளியே வரவே தனி வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. தூசி அலர்ஜி ஆபரேஷனால் போகாது என்பதையும் தெரிந்துகொள். எனக்குத் தும்மல் இன்னும் இருக்கிறது.

ரிட்டயர்டு_சிஸ்டர்:

நான் காது மூக்கு தொண்டை வார்டிலும் தியேட்டரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒரு விஷயம்மா. முகம் நேராக வேண்டும் என்று நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போரில் பிடிபட்டு மூக்கு அறுபட்ட ஒரு வண்டிக்காரருக்குப் புனே பக்கம் நெற்றித் தோலை மடக்கிப் புது மூக்கு வைத்ததை 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு அச்சிட்டது. அதைப் பார்த்துத்தான் அங்கே உள்ள டாக்டர்களுக்கு அந்த முறை பரவலாகத் தெரிய வந்தது. ஆயாவிடம் சொல்.

இப்போது உன் மூக்கு. மேல் பகுதி எலும்பு, கீழே குருத்தெலும்பு. தண்டு என்கிற நடுச்சுவரும் முன்பக்கம் குருத்தெலும்புதான், கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி. சாதாரணத் தண்டு ஆபரேஷனில் உள்ளே வளைந்த பாகத்தை எடுப்பார்கள், நேராக்குவார்கள். ஆனால் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் பட்டையை விட்டு வைப்பார்கள். அதையும் எடுத்தால் மூக்கு அமுங்கிவிடும். அடிபட்ட மூக்கில் பல நேரம் அந்தப் பட்டையே வளைந்திருக்கும். அப்போது உள்ளே மட்டும் செய்தால் மூச்சும் முழுசாக வராது, கோணலும் போகாது. உன்னைப் போன்றவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செப்டோரைனோபிளாஸ்டி என்று ஒரே தடவையில் செய்வது உண்டு.

வீட்டிலேயே ஒன்று செய்து பார். வலது கன்னத்தில், மூக்கை ஒட்டி விரலை வைத்து மெதுவாக வெளிப்பக்கம் இழு. மூச்சு நன்றாக வந்தால் வால்வு என்கிற குறுகலான இடமும் அமுங்கியிருக்கலாம். அதற்குக் குருத்தெலும்புத் துண்டு வைத்து முட்டுக் கொடுப்பார்கள். அந்தத் துண்டை நடுச்சுவரிலிருந்தேதான் பெரும்பாலும் எடுப்பார்கள். முதல் ஆபரேஷனில் அதை வீணாக எடுத்துவிட்டால் அடுத்த தடவை காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டி வரும். அதனால்தான் சொல்கிறேன், இரண்டும் வேண்டும் என்றால் முதல் கத்தி வைக்கும் முன்பே சொல்லிவிடு.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் இருக்கிறது, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் காட்டு. காப்பீட்டில் எது வரும், எது வராது என்று அங்கேயே கேட்டுக்கொள். எலும்பை உடைத்து நேராக்கினால் ஒரு வாரம் மேலே கட்டு இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போகும். நுனி வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். ஒரு மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து அழாதே.

உன் கிரவுண்டில் இப்போது விளையாடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல். மூக்கில் அடிபட்டு உள்ளே மெத்தென்று வீங்கி இரண்டு பக்கமும் அடைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நடுச்சுவரில் ரத்தம் கட்டினால் குருத்தெலும்பு செத்துப்போய் மூக்கு நடுவில் குழிந்துவிடும். எலும்பு மட்டும் விலகியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கத்தி வைக்காமலே தள்ளி நிமிர்த்திவிடலாம். உனக்கு அந்த நாளை விட்டுவிட்டார்கள்.

பெரம்பூர்_வாசி:

எனக்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை. அப்பா மாதிரி மூக்கின் நடுவில் மேடு, அதற்காக மட்டும்தான் செய்தேன். “முழுசாக வழிக்காதீங்க டாக்டர், அப்பா மூக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்” என்று சொன்னேன். பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் லேசாகத் தெரியும், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நுனி பல மாதம் மரத்துப் போயிருந்தது. கண்ணாடி போடுகிறவர் என்றால் சில வாரம் அது மூக்கில் அழுந்தக் கூடாது, முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

வியாசை_ஸ்டாப்பர்:

சிஸ்டர், நீங்கள் சொன்ன மாதிரி கன்னத்தை இழுத்துக்கொண்டே பவுடர் கண்ணாடியைப் பிடித்தேன். வலது பக்கமும் ஆவி படிந்தது! சின்னதாக, ஒரு பட்டாணி அளவுக்கு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்டான்லிக்குப் போகிறோம். இரண்டு பிரிவிலும் காட்டுகிறேன்.

இரண்டு கேள்வி மட்டும். மறுபடி பந்து ஆடலாமா? இடது பக்கம் மூக்குத்தி போட்டிருக்கிறேன், அதைக் கழற்ற வேண்டுமா?

ரிட்டயர்டு_சிஸ்டர்:

மூக்குத்தியைக் கண்டிப்பாகக் கழற்றணும். திருகு இறுகியிருந்தால் இரண்டு நாள் முன்பே தட்டானிடம் போய்விடு, தியேட்டர் வாசலில் வைத்துப் போராடாதே. மறுபடி எப்போது போடலாம் என்று ஆபரேஷன் செய்தவரைக் கேள். பந்துக்கு அவசரப்படாதே. முதலில் நடை, அப்புறம் டாக்டர் சரி என்ற பிறகு ஓட்டம். ஹெட்டிங்குக்குச் சில மாதம் ஆகும். திங்கட்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதும்மா, காத்திருப்பேன்.