பிணைப்பை உடைக்க ஆற்றல் வேண்டுமென்றால், ஏடிபி உடைந்து ஆற்றல் தருவது எப்படி?

கேள்வி:
எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும் என்கிறது வேதியியல். உயிரியல் பக்கம் வந்தால், செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று எழுதியிருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

பதில் 1:
வேதியியல் சொல்வதுதான் சரி, ஏடிபியும் அதற்கு விலக்கில்லை. பாடத்தில் உடைவதை மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் சேர்ந்து புதிதாக உருவாகும் பிணைப்புகளை விட்டுவிடுகிறார்கள். ஏடிபியில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக, எல்லாமே எதிர்மின்சுமையோடு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருக்கின்றன. ஒன்று கழன்றதும் அந்த நெருக்கடி குறைகிறது, கழன்ற பாஸ்பேட்டும் தண்ணீரில் இன்னும் நிலையாகிவிடுகிறது. உடைக்கச் செலவானதைவிட இதில் கிடைப்பது அதிகம், அவ்வளவுதான்.

கேட்டவர்:
சரி, செல் முழுக்கத் தண்ணீர்தானே? அப்புறம் ஏன் ஏடிபி எல்லாம் தானாகவே தீர்ந்துபோவதில்லை?

பதில் 2:
நொதி (வினையை வேகப்படுத்தும் புரதம்) இல்லாமல் அந்த வினை மிக மிக மெதுவாகத்தான் நடக்கும். இன்னொன்று, தண்ணீரோடு சும்மா வினைபுரிந்தால் வெப்பம்தான் மிஞ்சும், செல்லுக்கு அதனால் வேலை எதுவும் ஆகாது. ஹெக்சோகைனேஸ் என்ற நொதியைப் பாருங்கள்: குளுக்கோஸ் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நொதியின் இரண்டு பாதிகளும் அதன் மேல் மூடிக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளிவிடுகின்றன, பாஸ்பேட் நேராகக் குளுக்கோஸுக்கே போய்ச் சேர்கிறது. மின்சுமை ஏறிய அந்தக் குளுக்கோஸ் செல் சவ்வைக் கடந்து திரும்ப வெளியே போகவும் முடியாது. எனக்கு மிகவும் பிடித்த நொதி இது.

பதில் 3:
முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. திட்ட நிலையில் (ஒப்பிடுவதற்காக வேதியியலில் வகுத்துக்கொண்ட நிலை) ஒரு மோல் ஏடிபிக்குக் கிடைப்பது சுமார் 30.5 கிலோஜூல், உயிருள்ள செல்லுக்குள் அதுவே 50 கிலோஜூல் அளவுக்கு வருகிறது. மூலக்கூறு அதேதான், ஆனால் செல் ஏடிபியின் அளவைச் சமநிலையில், அதாவது வினை இரு பக்கமும் சமமாகி நிகர மாற்றம் நின்றுபோகும் நிலையில், இருக்க வேண்டியதைவிடப் பல கோடி மடங்கு உயர்த்தியே வைத்திருக்கிறது. ஒரு குடுவையில் எல்லாம் சமநிலைக்கு வந்துவிட்டால், அதில் எவ்வளவு ஏடிபி மிச்சமிருந்தாலும் ஒரு வேலையும் வாங்க முடியாது. அந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றத்தான் செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா ஓயாமல் உழைக்கிறது: புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளி, அவை திரும்பி வரும் வேகத்தில் ஒரு புரதத்தைச் சுழல வைத்து ஏடிபியைத் திரும்பத் தயாரிக்கிறது. புரோட்டான் ஓட்டம்தான் ஏடிபி தயாரிப்பை நடத்துகிறது என்பது 1961-ல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் முன்வைத்த கருத்து, அதற்காக 1978-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சயனைடு கொல்வதும் இங்கே கைவைத்துத்தான். இருக்கும் ஏடிபியை அது தொடுவதில்லை, புதிதாகத் தயாராவதை நிறுத்திவிடுகிறது.