லியோனில் தம்பி வீட்டில் முதல் வாரம்: பகல் பொழுதைத் தனியாக எப்படிக் கழிப்பது?

தேவகோட்டைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பிரான்சில், லியோன் நகரத்தின் க்ருவா-ரூஸ் என்ற மேட்டுப் பகுதியில் குடியிருக்கிறான். ஏப்ரல் கடைசியில் புறப்பட்டு அவனிடம் ஒன்றரை மாதம் தங்கிவர இருக்கிறேன். விசா வந்துவிட்டது. அவன் அங்கே நகராட்சியில் வாங்கி அனுப்பிய அழைப்புச் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு, திரும்பி வரும் பயணச்சீட்டு எல்லாம் கையில் இருக்கின்றன. ஆகவே அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது, போய் இறங்கிய முதல் ஏழெட்டு நாட்களைப் பற்றித்தான். தம்பிக்கு அப்போது விடுப்பு கிடையாது. காலை எட்டரைக்குப் புறப்பட்டால் மாலை ஏழுக்குத்தான் வீடு திரும்புவான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அவனோ, "அக்கா, நீங்க வீட்டிலேயே இருங்க, சனி ஞாயிறு நான் எல்லா இடமும் காட்டுறேன்" என்கிறான். வளவும் பட்டாலையுமாக, காலையிலிருந்து நாலு பேர் வந்து போகிற வீட்டில் வளர்ந்த எனக்கு, ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள நாலாம் மாடி வீட்டில் வாரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க இயலும் என்று தோன்றவில்லை. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது; ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்வேன். வயது ஐம்பத்தாறு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

தனியாக வெளியே போகலாமா, எதுவரை போகலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை அங்கே இருப்பவர்களோ போய் வந்தவர்களோ சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்று: தம்பி உப்புக்கண்டமும் வெண்ணெய் உருக்கிய நெய்யும் கேட்டிருக்கிறான். கொண்டுபோகலாமா?

ரோன்கரைவாசி:

அக்கா, வணக்கம். நான் காரைக்குடிக்காரன், பல ஆண்டுகளாக லியோனில் வேலை பார்க்கிறேன்.

உப்புக்கண்டத்தை மறந்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிற பயணிகள் இறைச்சிப் பொருள், பால் பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கு, கொஞ்சமாகத்தான் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், எலுமிச்சம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், ஆனால் தேங்காய்க்கு வேண்டாம். மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, கல்பாசி, அன்னாசிப்பூ, எண்ணெயில் பொரித்த சீப்புச்சீடை, தேன்குழல் ஆகியவற்றைத் தாராளமாகக் கொண்டுவரலாம். கருவாட்டுக்கும் தடை இல்லை; வாடை வெளியே வராமல் கட்டுவது உங்கள் சாமர்த்தியம். அழைப்புச் சான்றிதழையும் மாத்திரைச் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லைக் காவலர் அந்தச் சான்றிதழைக் கேட்கக்கூடும். கைரேகையும் முகப்படமும் எடுக்கிற புதிய முறையும் 2025 அக்டோபரில் தொடங்கியிருப்பதால், வரிசை நகரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இனி உங்கள் முதன்மையான கேள்வி. தனியாக வெளியே போகலாம் என்பது மட்டுமில்லை, போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் பகல் முழுவதும் அறைக்குள் காத்திருந்தால், அலுவலகத்தில் இருக்கும் தம்பியின் மனம் அங்கே நிற்காது. மாலையில் களைத்து வருகிறவன், வந்த கையோடு உங்களை வெளியே அழைத்துப்போக வேண்டிய கடமையையும் சேர்த்துச் சுமப்பான். பகல் உங்களுடையதாக இருந்தால்தான் மாலையில் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.

அதற்கு முன்னால் கதவு. இங்குள்ள பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினால் அதுவே பூட்டிக்கொள்ளும்; வெளிப்பக்கக் குமிழ் திரும்பாது. குப்பை போடவோ பக்கத்து வீட்டு மணியோசை கேட்டு எட்டிப்பார்க்கவோ போகிறவர்கள் சாவியை உள்ளே வைத்துவிட்டு நின்றால், பூட்டுத் திறக்கும் ஆளுக்குக் கொடுக்கிற கூலியில் ஊரில் ஒரு புதுக் கதவே போட்டுவிடலாம். எனவே இன்னொரு சாவி போட்டு, கயிற்றில் கோத்து உங்களுக்கென்று தரச் சொல்லுங்கள். கீழே பொதுவாசலுக்கு எண் பொத்தான்கள் இருக்கும். அந்த எண்ணையும் வீட்டு முகவரியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி அணைந்துபோனாலும் தாள் கையில் இருக்கும்.

முதல் நாட்களுக்கு க்ருவா-ரூஸை விட்டு இறங்கவே தேவையில்லை. அந்தப் பகுதியின் பெரிய சாலையில் திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் காலைச் சந்தை கூடும். நம் ஊர்ச் சந்தையைப் போலக் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. விரலால் காட்டினால் கடைக்காரர் எடுத்துப் போடுவார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டால், மிச்சத்தை ஆங்கிலத்தில் பேசினாலும் முகம் சுளிப்பதில்லை. அதே சாலையின் கிழக்கு முனையில், பனியாறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிவந்த பெரிய பாறை ஒன்று நிற்கிறது. அதன் அருகில் உட்கார இடமுண்டு. கீழே ரோன் ஆறும் நகரமும் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் மோன் பிளாங்க் சிகரமும் தெரியும்.

நீங்கள் கண்டாங்கிச் சேலை ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். க்ருவா-ரூஸ் முழுவதும் ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்த இடம். அங்கே பழைய வீடுகளின் கூரை ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கும். 1804இல் இந்த ஊர்க்காரர் ஜக்கார்டு உருவாக்கிய உயரமான தறி உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் இந்த மேட்டில்தான் கூலி உயர்வு கேட்டு 1831இலும் 1834இலும் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 'மெசோன் தே கானு' என்ற நெசவாளர் இல்லத்தில் இன்றும் அந்தத் தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். துளையிட்ட அட்டைகள் தொடராகச் சுழன்று வரும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், மட்டும் மேலே எழும். அடுத்த அட்டைக்கு வேறு நூல்கள் எழும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழி தெரியாமலே அது விளங்கிவிடும். அங்கிருந்து கீழே இறங்கும் சரிவில், ஒரு தெருவில் நுழைந்து கட்டடங்களுக்கு உள்ளாகவே அடுத்த தெருவில் வெளிப்படுகிற 'திரபூல்' என்ற நடைவழிகள் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் முகப்பில் நுழைந்து பின்கட்டு வழியாக அடுத்த தெருவுக்குப் போவது போலத்தான். ஆனால் அந்த வழிகளில் இன்றும் மக்கள் குடியிருப்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடக்க வேண்டும்.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி சொன்னதெல்லாம் சரி. நான் என் தங்கை வீட்டுக்கு அதே நாட்டில் போய் இருந்துவிட்டு வந்தவள் என்ற முறையில், வீட்டுக்குள் இருக்கும் விஷயங்களைச் சொல்கிறேன்.

போகுமுன் அடுப்பு எந்த வகை என்று கேட்டுக்கொள். இண்டக்சன் அடுப்பாக இருந்தால் நீ ஆசையாகத் தூக்கிப்போகிற இண்டாலியம் பணியாரச்சட்டி சூடே ஏறாது. இரும்புச் சட்டியானால் ஏறும். அடுத்தது தாளிப்பு. அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் புகையுணரும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். எண்ணெய் புகையும்வரை காயவிட்டு வரமிளகாயைப் போட்டால் அது கட்டடம் முழுவதும் கேட்கிற மாதிரி அலறும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு மேலே உறிஞ்சும் விசிறி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மிதமான சூட்டில் தாளித்துக்கொள்.

குளியலறை இன்னும் முக்கியம். நம் வீடுகளைப் போலத் தரையில் தண்ணீர் போகும் வழி அங்கே பெரும்பாலும் இருக்காது. தொட்டிக்குள் அல்லது கண்ணாடித் தடுப்புக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றித் தரையைக் கழுவினால், பழைய கட்டடமானால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கி, உன் தம்பிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மே மாதத்தில் நம் நேரம் அவர்களுடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே இரவு ஒன்றரைக்கே விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மரத்தரையில் நடப்பதும் மிக்சி போடுவதும் கூடாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை சத்தம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுக்கமாட்டார்கள். மாலையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருந்துவிடாதே.

இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அக்காமார்களாகிய நமக்கு, போன மறுநாளே தம்பி தங்கையின் அலமாரியைத் திறந்து டப்பாக்களை மாற்றி அடுக்குகிற குணம் உண்டு. அவன் தனியாக இருந்து தனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருப்பான். ஒரு தட்டு மட்டும் ஒதுக்கித் தரச் சொல்லி, உன் பொடிகளை அதில் வைத்துக்கொள்.

பள்ளத்தூர் பயணி:

ரோன்கரைவாசி ஐயாவின் கருத்தில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. முதல் இரண்டு நாட்கள் தனியாகச் சுற்றுவது சரியில்லை. தூக்கம் கெட்ட உடம்போடு புதிய ஊரில் சாலையைக் கடப்பதே சிரமம், அங்கே வண்டிகள் நமக்குப் பழக்கமில்லாத பக்கத்திலிருந்து வரும். வாரக் கடைசியில் போய் இறங்குமாறு பயணத்தை வைத்துக்கொண்டு, முதல் நாளே தம்பியுடன் சந்தை, மருந்துக்கடை, மெட்ரோ நிலையம் மூன்றையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால், திங்கள் முதல் தனியாகப் போகலாம்.

உணவகம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. லியோனின் 'பூஷோன்' எனப்படும் பழைய உணவகங்களில் குடல் வகைகள் அதிகம். அந்துயெத் என்பது பெரும்பாலும் பன்றிக்குடலில் செய்வது. தாப்லியே த சப்பர் மாட்டின் இரைப்பையில் செய்வது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மீனில் செய்கிற கெனெல் கேட்கலாம், மீன்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இளஞ்சிவப்பு நிறத்தில் பிரலீன் இனிப்பு அப்பம் ஒன்று விற்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன அலமாரி விஷயத்தில் எனக்குக் கோபமில்லை, சிரிப்புத்தான் வந்தது. தம்பிக்கும் அதைப் படித்துக் காட்டினேன். பயணச்சீட்டைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேருகிறேன். மெட்ரோவில் தனியாக ஏறுவது எப்படி, விடுமுறை நாட்களில் கடை திறந்திருக்குமா என்பதை மட்டும் ரோன்கரைவாசித் தம்பி சொன்னால் போதும்.

ரோன்கரைவாசி:

அக்கா, வெள்ளி இரவு வருகிறீர்கள் என்றால் பள்ளத்தூர்க்காரர் சொன்னபடியே செய்யுங்கள், அதுதான் நல்லது.

மேட்டிலிருந்து நகர நடுவுக்கு இறங்குவது சி வழித்தடம். செங்குத்தான ஏற்றத்தில் பற்சக்கரத் தண்டவாளத்தில் ஓடுகிற மெட்ரோ அது. பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் கருவியில் காட்ட வேண்டும். அப்படிச் செய்யாதவர்களைப் பரிசோதகர்கள் பிடித்தால் அபராதம் உண்டு. பழைய லியோனிலிருந்து ஃபூர்வியேர் குன்றுக்குக் கயிற்று இரயிலில் ஏறுவதையும், பக்கத்திலுள்ள ரோமானியர் காலத்து அரங்கத்தையும் தம்பியோடு போகிற சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக ஏற்ற இடம் தேத் தோர் பூங்கா. அதற்குள் இருக்கும் விலங்குக்காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

கடைகளைப் பொறுத்தவரை, ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மளிகைக் கடைகளில் பெரும்பாலானவை மூடிவிடும். மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. மே 1 அன்று நகர மெட்ரோவும் பேருந்தும்கூடப் பெரும்பாலும் ஓடுவதில்லை. ஆகவே அரிசியும் பருப்பும் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். ஆசியக் கடைகள் கியோத்தியேர் பகுதியில் நிறைய இருக்கின்றன. மூட்டை கனக்கும் என்பதால் அங்கே மட்டும் தம்பி கூட வரட்டும்.